தாழ்ப்பாள்

அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்றவேண்டும்,
ஒருபோதும் தண்ணீரை அமிலத்தில் அல்ல.
மாற்றி ஊற்றியவனின் இடது கண்
லியோன் மருத்துவமனை ஜாடியில் கிடக்கிறது என்றார் ருவெலான்,
எங்கள் ஊருக்குப் பலூன் கொண்டுவந்தவர்.
பொய்யாக இருக்கலாம்.
நான் மெதுவாகத்தான் ஊற்றினேன்.

சோன் ஆற்றை ஒட்டிய மாட்டுச்சந்தைத் திடல்.
மே மாதம், காலை மழை அப்போதுதான் விட்டிருந்தது.
இருபது பீப்பாய்கள், உள்ளே ஈயத்தகடு.
என் பெயர் ஒனொரின். சலவைக்காரி.
சோடா தின்று பழகிய கை என்று
இரண்டு பிராங்குக்கு என்னைப் பிடித்தார்கள்.

ஈயமும் உலோகம்தானே,
அதை ஏன் கந்தக அமிலம் விட்டுவைக்கிறது என்றேன்.
"முதல் கடியை வாங்கிக்கொண்டது.
அந்தக் காயத்தின் பொருக்கையே
போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டது.
அதற்குமேல் உள்ளே போகமுடியாது."
அப்படி ஒரு வருடம் நானும் இருந்திருக்கிறேன்.
அவரிடம் சொல்லவில்லை.

இரும்புத்தூளைக் கொட்டியதும்
சுண்ணாம்பு நீற்றுவதுபோல் ஒரு சத்தம்.
பீப்பாயின் விலாவில் கை வைக்கமுடியாத சூடு.
அழுகிய முட்டை நாற்றம்;
பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றார்கள்.
சுங்கான் பிடித்த ஒரு நோட்டரியை
ருவெலான் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்:
"ஒரு பொறி போதும், ஐயா, ஊரே மேலே போய்விடும்!"

நண்பகல்.
பலூன் கறந்து முடித்த மடிபோல் தொங்கியது.
தூள் விற்றவன் பாதிக்குப் பாதி மணல் கலந்திருக்கிறான்.
மணலோடு அமிலத்துக்குப் பேச்சில்லை.
காசு கொடுத்த கூட்டம் கத்த ஆரம்பித்தது.
ருவெலான் முக்காலிமேல் ஏறினார்.
"இரும்பு! வீட்டில் உள்ள இரும்பெல்லாம்!"

வந்தது.
ஆணி, லாடம், துருப்பிடித்த அரிவாள்.
கொல்லன் பார்னபே பட்டறை தரையையே பெருக்கிக் கொண்டுவந்தான்.
முழு லாடம் சோம்பியது, அரத்தூள் வெறிபிடித்துப் பொங்கியது.
சில்வேன், கூரை வேலைக்காரன்,
நகரமன்றத்தின் துத்தநாகப் பீலியையே பிடுங்கிவந்துவிட்டான்;
போட்டதும் மூடி எகிறியது, அவன் சிரித்தான்,
மேயர் சிரிக்கவில்லை.
விடுதிக்காரியின் வெள்ளீயத் தட்டு மட்டும்
யோசித்து யோசித்து ஒரு குமிழி விட்டது.
பிறகு, வெகுநேரம் கழித்து, இன்னொன்று.

மதாம் கொத்ரே ஜாம் கிண்டும் செம்புச் சட்டியோடு வந்தார்.
ஆகாது என்றோம். கேட்கவில்லை. முக்கினோம்.
அரை மணி நேரம், ஒரு குமிழிகூட இல்லை.
"என் செம்பு உங்களுக்கு மட்டமோ?" என்று
வெடுக்கென எடுத்தவர் வாயடைத்துப்போனார்:
களிம்பெல்லாம் கழன்று
புதுச்சட்டியாகப் பளபளத்தது.
ஓடிப்போய் இன்னும் இரண்டு கொண்டுவந்தார்.

நான் நேராக வீட்டுக்குப் போனேன்.
கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாள்.
படகுக்குக் கிளம்பும்போதெல்லாம் மார்சியால்
என்னை உள்ளே வைத்துப் போட்டுவிட்டுப் போவது.
ஆறு அவனை எடுத்துக்கொண்டு இரண்டு வருடமாகியும்
கழற்றத் தோன்றவில்லை எனக்கு.
மாவுக் கரண்டியால் நெம்பினேன். கரண்டி வளைந்தது.
தாழ்ப்பாள் வந்துவிட்டது.

பதினேழாவது பீப்பாய்.
முதலில் துரு கரைந்தது, பிறகு கறுத்தது,
பிறகு உடம்பெங்கும் முத்து முத்தாகக் குமிழி.

"இரும்புதான் வாயுவாகிறதா?"
"இல்லை பெண்ணே. வாயு அமிலத்துக்குள் அடைந்துகிடப்பது.
இரும்பு உள்ளே போய் அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.
அடைபட்டது வெளியேறுகிறது."
சொல்லிவிட்டுக் குழாய்க்கு ஈரத்துணி சுற்றப் போய்விட்டார்.
நான் பீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்குக் கயிறு விட்டார்கள்.
எல்லோரும் மேலே பார்த்தபோது
என் கழுத்து வலித்தது, குனிந்திருந்த வலி.

சாயக்காரர் பச்சைத்தண்ணீரை வாளிவாளியாக வாங்கிப்போனார்,
வற்றவைத்தால் அன்னபேதி, கறுப்புக்கு நல்லது என்று.
பதினேழின் அடியில் கொஞ்சம் கரிச்சேறு, அவ்வளவே.
வழித்தேன். நகக்கண்ணில் ஒரு வாரம் இருந்தது.

கதவில் நான்கு ஆணித்துளைகள்.
மெழுகு வைத்து மூன்றை அடைத்தேன்.
ஒன்றை விட்டுவைத்திருக்கிறேன், காற்றுக்கு.